எடை குறைந்த பிறகு ஏறிய சர்க்கரை: நெல் கொள்முதல் நிலைய எழுத்தர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

வயது 46, ஆண். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட கிராமம். சொந்தமாக ஆறு மா (ஏறத்தாழ இரண்டு ஏக்கர்) நஞ்சை. பருவத்துக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை. தாய்க்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். தந்தை மாரடைப்பில் இறந்தவர். புகை, மது இல்லை, வெற்றிலை உண்டு. முன் நீரிழிவு என்று தெரிந்தபின் 11 கிலோ எடையைக் குறைத்து, அளவுகளை இயல்புக்குக் கொண்டுவந்து, ஐந்தே மாதத்தில் மறுபடி பழைய எல்லைக்குள் நுழைந்த நிலையில் எங்கள் உணவு ஆலோசனை அறைக்கு வந்தார். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன்; அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எடை குறைக்கும் வழி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். குறைத்த எடையோடு ஒரு கொள்முதல் பருவத்தையும் ஒரு புரட்டாசியையும் எப்படித் தாண்டுவது என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. இந்த நிகழ்வை எழுதுவதற்கு அதுவே காரணம்.

கண்டறிந்த விதம்

மாசி மாதம், சம்பாக் கொள்முதல் முடியும் தறுவாய். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் அவருடைய தாய்க்கு அளவு பார்க்க வீட்டுக்கு வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் விளையாட்டாகத் தானும் விரலை நீட்டினார். காலைப் பலகாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் 168 காட்டியது. மறுவாரம் ஆய்வகத்தில் எடுத்தது: வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 114 மி.கி., 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 172, கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 விழுக்காடு. உயரம் 168 செ.மீ., எடை 81 கிலோ, இடுப்பளவு 102 செ.மீ.

எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்த முன் நீரிழிவு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவை 110-இலிருந்துதான் கணக்கில் எடுக்கிறது. இவருக்கு மூன்றும் உள்ளே இருந்தன; வெறும் வயிற்று அளவு அந்த 110-ஐயும் தாண்டியிருந்தது. உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 28.7. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். "கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறார்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த உடம்பு அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் முன் நீரிழிவு நிலையில் இருப்போர் 13.6 கோடி என்று மதிப்பிட்டது. காவிரி டெல்டாவில் இதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. மூன்று வேளையும் அரிசி என்ற பழக்கம் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்து, கட்டுத் தூக்கிய உடம்புகளுக்காக ஏற்பட்டது. இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் ஒரு முற்பகலில் அறுவடை முடிந்துவிடுகிறது. வேலை போய்விட்டது, சோற்றின் அளவு அப்படியே நிற்கிறது.

எடை குறைந்த ஆறு மாதம்

பங்குனியில் தொடங்கினார். உறவினர் ஒருவர் மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவு முறையில் 15 கிலோ குறைத்திருந்தார், அவரே குரு. இட்லி, சோறு, தோசை எல்லாம் ஒரே நாளில் நின்றன. காலையில் மூன்று முட்டை, மதியம் மீன் வறுவலும் காயும், இரவு பனீர் அல்லது கோழி, கொறிக்க பாதாம். ஆற்றங்கரையில் தினமும் முக்கால் மணி நேர நடை. கோடையில் கொள்முதல் வேலை இல்லாததால் நேரம் தாராளமாக இருந்தது. ஆவணியில் எடை 70 கிலோ, இடுப்பு 92, வெறும் வயிற்றில் 97, எச்பிஏ1சி 5.6.

இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட நடையும்தான் இலக்கு. அதிலேயே நீரிழிவாக மாறும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. இவர் குறைத்தது 13 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது சோறு இல்லாமல் இருப்பதை மட்டும்தான். சோற்றோடு இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவரும் கேட்கவில்லை. வீட்டில் அவருக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல். இரண்டு அடுப்பையும் பார்த்துக்கொண்டது மனைவி.

புரட்டாசி வந்தது

குறுவை நெல் கொள்முதலுக்கு வரும் காலமும் புரட்டாசியும் ஒன்றாக வந்து விழுகின்றன. பெருமாள் மாதம் என்பதால் அந்த வீட்டில் முட்டையும் மீனும் ஒரு மாதம் கிடையாது. அவருடைய புரதத்தில் பெரும்பகுதி அசைவத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் தட்டில் மிஞ்சியது வெறும் பொரியல். வெறும் பொரியலை எத்தனை நாள் சாப்பிட முடியும்? மூன்றாம் நாள் சோறு திரும்பி வந்தது. வந்ததும் பழைய அளவிலேயே வந்தது.

கொள்முதல் நிலையத்தில் அவருடைய நாள் இப்படி. காலை எட்டு மணிக்குக் களத்துக்குப் போய்விட வேண்டும். ஈரப்பதம் பார்த்து, தூற்றி, 40 கிலோ மூட்டையாக எடை போட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிவு. மழை மேகம் தெரிந்தால் தார்ப்பாய் இழுக்கிற ஓட்டம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ, சில நாள் இல்லவே இல்லை. சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கு டீ வரும்போதெல்லாம் எழுத்தருக்கும் ஒரு கிளாஸ் வரும், கூடவே வடையோ பஜ்ஜியோ. நாளைக்கு எட்டு டீ. ஒரு கிளாஸுக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் டீயில் மட்டும் 60 கிராமுக்குக் குறையாது. ஒருவர் நாள் முழுவதற்கும் சேர்க்கும் சர்க்கரை, மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயைத் தாம் "சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை" என்றார் அவர். டெல்டாவில் பலர் சேர்ப்பதில்லை.

வீடு திரும்ப இரவு பத்தரை. பசி மொத்தமும் அந்த ஒரு வேளையில் தீரும்: ஐந்தாறு தோசை, அல்லது சோறும் வத்தக்குழம்பும். பதினொன்றரைக்குப் படுக்கை, ஐந்து மணிக்கு எழுச்சி. இரவு வெகு நேரம் கழித்து இத்தனை மாவுச்சத்தும், குறைந்த தூக்கமும் சேர்ந்தால் மறுநாள் காலை வெறும் வயிற்று அளவு ஏறித்தான் இருக்கும். நடை நின்றுபோனதைச் சொல்லவே வேண்டாம்.

ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, மறுபடி சைவம். மார்கழிப் பாதியில் எடைக் கருவியில் ஏறியவர் 74-ஐப் பார்த்துத் திடுக்கிட்டு, சோற்றை மீண்டும் முழுவதுமாக நிறுத்தினார். பொங்கல் வரை பிடித்து வைத்தார்.

196

எங்களிடம் அவரை அழைத்து வந்தது ஒரே ஓர் எண். பொங்கலன்று படையல் முடித்து, வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், பரங்கிக்காய்க் குழம்பு, வடை, பழம் என்று நிறைவாகச் சாப்பிட்டு, சரியாக ஒரு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்திருக்கிறார். 196. "நோய் வந்துவிட்டது, மேடம்" என்றுதான் பேச்சையே தொடங்கினார். கையில் ஒரு நோட்டு. நாளைக்கு ஆறு ஏழு முறை விரலைக் குத்தி எழுதிய எண்கள், சிவப்பு மையிலும் நீல மையிலும். பட்டியல் எழுதுகிறவர் என்பது அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த 196-ஐப் பிரித்துப் பார்த்தோம். முதலில் விரல். படையலுக்குப் பூவன் பழத்தை உரித்துப் பிசைந்த கை. கழுவாமல் துண்டில் துடைத்துவிட்டுக் குத்தியிருக்கிறார். பழச்சாறு விரல் நுனியில் ஒட்டியிருந்தால் அதிலுள்ள குளுக்கோஸும் இரத்தத் துளியோடு சேர்ந்து பரிசோதனைப் பட்டையில் ஏறும். சந்தேகப்பட்டு அவரே சில நிமிடம் கழித்துச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி பார்த்திருக்கிறார்: 174. நோட்டில் அது நீல மையில், சின்னதாக, ஓரத்தில் இருந்தது. பயந்த மனம் பெரிய எண்ணைத்தான் நம்பும்.

அடுத்து, அதற்கு முந்தைய இரண்டு வாரம். மாவுச்சத்தை அறவே குறைத்த உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்கிறது. திடீரென்று ஒருநாள் சோற்றையும் வெல்லத்தையும் கொட்டினால், இன்சுலின் சுரப்பும் தசைகளும் அதற்குத் தயாராக இருப்பதில்லை. அளவு வழக்கத்தைவிட உயரத்தில் போய் நிற்கும். இதனால்தான் குளுக்கோஸ் பரிசோதனைக்கு முன் மூன்று நாளாவது தினமும் 150 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சோற்றை விட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் பரிசோதனைக்குப் போய், இல்லாத நோயை வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நேரம். ஒரு மணி நேர அளவுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 155-ஐத் தாண்டுவதை முன் நீரிழிவின் அறிகுறியாகக் கொள்ளலாம் என்று சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2024-இல் பரிந்துரைத்திருக்கிறது. அது அளந்த 75 கிராம் குளுக்கோஸுக்கான கணக்கு. பொங்கல் விருந்துக்கு அதைப் போட்டுப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, வீட்டுக் கருவிகள் 100-க்கு மேல் 15 விழுக்காடு வரை முன்பின் காட்டலாம் என்று தரவிதிகளே அனுமதிக்கின்றன.

ஆகவே 196-ஐ ஒதுக்கிவைத்தோம். ஒதுக்க முடியாதவை வேறு இருந்தன: எடை 73.5, இடுப்பு 95, ஆய்வகத்தில் வெறும் வயிற்று அளவு 110, எச்பிஏ1சி 5.9. இவை ஒரு விருந்தில் ஏறியவை அல்ல. புரட்டாசியிலிருந்து மெல்ல ஏறி வந்தவை.

வேறு என்ன பார்த்தோம்

ஹீமோகுளோபின் 13.8. எச்பிஏ1சியை நம்பலாம் என்பதற்காகவே இதைப் பார்க்கிறோம். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டும். ஓர் உதாரணம் அன்றைக்கே பக்கத்து நாற்காலியில் இருந்தது. அவருடைய மனைவியும் வந்த கையோடு பரிசோதித்துக்கொண்டார்: எச்பிஏ1சி 6.0, ஹீமோகுளோபின் 9.2, வெறும் வயிற்று அளவு 91. இரண்டு அடுப்பில் சமைத்து, மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிடுகிறவரின் எண்கள். அவருக்கு முதலில் இரும்புச்சத்து. சர்க்கரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் அளவுகள் சரியாக இருந்தன. முயற்சி செய்து எடை குறைத்தவர் என்பதால் நாங்கள் அதற்கு மேல் தேடவில்லை. ஒருவேளை முயற்சியே இல்லாமல் எடை இறங்கி, சர்க்கரை மட்டும் ஏறுகிறது என்றால் கதை வேறு. காசநோயையும் கணையத்தையும் நினைத்துப் பார்க்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அரை நிமிடம் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னோம். பதினொன்றில் தொடை நடுங்கி நின்றுவிட்டார். 46 வயதுக்கு இது மிகக் குறைவு. குறைந்த 11 கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை என்பதை அந்தத் தொடை சொன்னது. உடற்பயிற்சி இல்லாமல் எடையைக் குறைத்தால் போவதில் கால்பங்கு வரை தசை சார்ந்த எடையாக இருக்கலாம். அவர் நடந்தார், உண்மை. ஆனால் நடை தசையைக் காக்கும் பயிற்சி ஆகாது. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். பத்தாயம் சுருங்கிப்போன வீட்டில் அறுத்த நெல் முற்றத்தில் கிடப்பதுபோல, வாங்கி வைக்க ஆளில்லாத சர்க்கரை இரத்தத்தில் தங்குகிறது. எடை திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறுவதால், 73.5 கிலோவில் இருக்கும் இன்றைய உடம்பு, இறங்கும்போது இருந்த அதே 73.5 கிலோ உடம்பு ஆகாது.

மாத்திரை பற்றி மருத்துவரிடம் கலந்தோம். 35-க்கு மேல் உடல் நிறை எண் இருந்தாலோ, அளவுகள் நீரிழிவின் வாசலுக்கு வந்துவிட்டாலோ சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைத் தொடங்குவது வழக்கம். இவருக்கு இரண்டும் இல்லை. அடுத்த பரிசோதனை வரை பொறுக்கலாம் என்று முடிவாயிற்று.

சோற்றுக் கரண்டி

உணவுத் திட்டத்தை எழுதும் முன் அவர்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். எவர்சில்வர் கரண்டி, குழிவு அதிகம். வேக வைத்த சோற்றைக் கும்பாக அள்ளி நிறுத்தால் 120 கிராம். விளிம்போடு தட்டி அள்ளினால் 80. "முன்னெல்லாம் ஐந்து கரண்டி" என்றார். ஐந்து கும்பு என்றால் 600 கிராம் சோறு. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து; ஒரு வேளைக்கு 168 கிராம். நாள் முழுவதும் மூட்டை எடையில் அரைக் கிலோ பிசகாமல் பார்க்கிறவர் தம் தட்டில் அரைக் கிலோவுக்கு மேல் ஏறுவதைக் கவனித்ததே இல்லை என்று மனைவி சொன்னபோது அவரே சிரித்துவிட்டார்.

மதியம் இரண்டு கரண்டி, தட்டி அள்ளியது. இது 160 கிராம், மாவுச்சத்து 45 கிராம். தட்டில் வரிசையும் மாறியது: முதலில் கீரை அல்லது கூட்டு, மீன் அல்லது பயறு, அதன் பிறகே சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசிக்குத் தள்ளினால் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஏற்றம் தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத மாற்றம், விருந்திலும் செய்யலாம். இலையில் பரிமாறும் முறையே முதலில் காய் வைத்து அப்புறம் சோறு போடுவதுதான். நாம்தான் சாம்பார் வரும்வரை காயைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

காலையில் இட்லி திரும்பி வந்தது. மூன்று, அதற்குமேல் இல்லை. கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு முட்டை. இரவுக்கு அடை இரண்டு, மோர். புரத இலக்கு நாளைக்கு 75 கிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமும் கொஞ்சமும். மத்தி, கிழங்கான், கெளுத்தி என்று நாகை, முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் மீனே மலிவு. 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம்.

உண்மையான வேலை புரட்டாசிக்கு மாற்று கண்டுபிடிப்பதில் இருந்தது. இங்கேதான் டெல்டாவின் ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பாசிப்பயறையும் தெளித்துவிடுகிறோம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை 3 உளுந்தை வெளியிட்டிருக்கிறது. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே விளைந்து, சித்திரைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். இவருடைய ஆறு மாவிலும் அதுவே சாகுபடி. விளைந்த பயறு மொத்தமும் கமிஷன் மண்டிக்குப் போக, வீட்டில் இருப்பது இட்லிக்கு ஊறப்போடும் உளுந்து மட்டும். 100 கிராம் பயறில் 24 கிராம் புரதம். பயறு விற்ற காசில் பாதாம் வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்த முறை ஒரு மூட்டைப் பயறு வீட்டில் நின்றது. புரட்டாசிக்கும் மாலை போடும் நாட்களுக்கும் தனிப் பட்டியல் எழுதினோம்: காலையில் பச்சைப்பயறு அடை, மதியம் சோயா உருண்டைக் குழம்பு (30 கிராம் உலர் உருண்டையில் 15 கிராம் புரதம்), தயிர், மாலையில் சுண்டல். சுண்டலை டப்பாவில் போட்டுக் கொள்முதல் நிலையத்துக்கே எடுத்துப் போவது. நான்கு மணிக்கு அது வயிற்றில் இருந்தால் பஜ்ஜியின் மேல் கண் போவதில்லை, இரவு பத்தரைக்கு அகோரப் பசியும் எடுப்பதில்லை.

டீயில் பேரம் நடந்தது. எட்டை நான்காக்க ஒப்புக்கொண்டார். சர்க்கரை இல்லாமல் குடிக்க மாட்டேன் என்றார். அரைக் கரண்டியில் வந்து நின்றது. நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாம் இரத்தத்தில் ஏறும் விதத்தில் சர்க்கரைக்கு அண்ணன் தம்பிகள்தான்.

தசைக்காகத் தோப்புக்கரணம். ஜிம் அந்த ஊரில் இல்லை, இருந்தாலும் போக மாட்டார். பிள்ளையாருக்குப் போடுகிற அதே தோப்புக்கரணத்தை நிதானமாக, முழுதாக உட்கார்ந்து, பத்துப் பத்தாக மூன்று சுற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. வாரத்துக்கு மூன்று நாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை, வீட்டிலானால் தெருவில், கொள்முதல் நிலையத்திலானால் களத்தைச் சுற்றி.

விரலைக் குத்துவதைக் குறைத்தோம். வாரத்தில் இரண்டு நாள், ஏதேனும் ஒரு வேளைக்கு முன்னும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுத வேண்டும். சிவப்பு மை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நடந்ததும் நடக்காததும்

எல்லாம் எழுதியபடி நடந்துவிடவில்லை. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கிய விதையில் நண்பர் ஒருவர் மாப்பிள்ளைச் சம்பா விளைவித்திருந்தார். நல்ல அரிசி என்ற நம்பிக்கையில் இரண்டு கரண்டி நான்காயிற்று. இரண்டு மணி நேர அளவு 160-ஐத் தாண்டியது. நார்ச்சத்தும் தவிடும் உள்ள அரிசி மெதுவாகச் செரிக்கும் என்பது சரி. அதுவும் அரிசி என்பது அதைவிடச் சரி. அதே கரண்டியில் இரண்டு என்று திரும்பியபோது அளவும் 130-களுக்கு இறங்கியது. கேழ்வரகுக் கூழிலும் இதே கதை. மாவாக அரைத்துக் காய்ச்சிய கூழ் வேகமாகச் செரித்துவிடும். சொம்பு நிறையக் குடித்துவிட்டுச் சிறுதானியம்தானே என்று இருக்க முடியாது.

சித்திரையில் பழைய சோற்றை விட மாட்டேன் என்று பிடிவாதம். நானும் வற்புறுத்தவில்லை. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும். அந்தப் பலன் சிறியது. இரண்டு கரண்டிச் சோறு, நிறைய மோர், தொட்டுக்கொள்ளச் சுண்ட வைத்த மீன்குழம்பு என்று ஒப்பந்தம் ஆயிற்று. இட்லிக்குப் பதிலாக அது, இட்லியோடு அல்ல.

இரவு நேரம் கடைசி வரை சரியாகவில்லை. சம்பாக் கொள்முதல் உச்சத்தில் இருந்த வாரங்களில் வெறும் வயிற்று அளவு 106, 108 என்றே இருந்தது. ஆறரை மணிக்கே வீட்டிலிருந்து டப்பாவில் இரவுச் சாப்பாட்டை வரவழைத்துக் களத்திலேயே சாப்பிடுவது என்று மகன் ஒரு யோசனை சொன்னான். வாரத்தில் மூன்று நான்கு நாள் அது நடந்தது. நடந்த நாட்களுக்கு மறுநாள் காலை எண் 100-ஐ ஒட்டி வந்ததை அவரே நோட்டில் கண்டுபிடித்துக் காட்டினார்.

சித்திரையில் எடை 71.5, இடுப்பு 91, வெறும் வயிற்றில் 102, எச்பிஏ1சி 5.7. மூன்று நாள் வழக்கமான சோற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்த குளுக்கோஸ் பரிசோதனையில் இரண்டு மணி நேர அளவு 136. நாற்காலியில் அரை நிமிடத்தில் 17 முறை எழுந்தார். எனக்கு எடையைவிட இந்த 17 அதிக நிம்மதி தந்தது.

ஆனாலும் நாங்கள் காத்திருந்தது அடுத்த புரட்டாசிக்கு. குறுவைக் கொள்முதல், பெருமாள் மாதம், தீபாவளி எல்லாம் கடந்து கார்த்திகை முதல் வாரத்தில் வந்தார். எடை 72, இடுப்பு 91, வெறும் வயிற்றில் 103, எச்பிஏ1சி 5.7. முந்தைய ஆண்டு இதே காலத்தில் ஏறிக்கொண்டிருந்த எடை இந்த முறை அரைக் கிலோவோடு நின்றது. 70-க்குத் திரும்பவில்லையே என்று அவருக்கு வருத்தம். அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களும் எடையில் கணிசமான பகுதியைத் திரும்பப் பெற்றவர்கள்தான். இருந்தும் பத்தாண்டு கழித்து நீரிழிவாக மாறும் வேகம் அவர்களிடம் 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது என்பதைச் சொன்னேன். நம்மூருக்கு இன்னும் நெருக்கமான சான்று 2006-இல் சென்னையிலிருந்து வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 531 பேர், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலேயே ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மினும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் இல்லை.

முன் நீரிழிவு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. 5.7 என்பது வரம்பின் முதல் படி. தாயிடமிருந்து வந்தது அவருடனேயே இருக்கும். சீட்டில் "குணமாகிவிட்டது" என்று எழுத முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி. சம்பாக் கொள்முதல் முடிந்து பங்குனியில் ஒன்று, குறுவை தொடங்கும் முன் ஆவணியில் ஒன்று என்று நாள் குறித்திருக்கிறோம். எந்த முறையாவது 6.0-ஐத் தாண்டினால், அல்லது எடை 75-ஐத் தொட்டால், மாத்திரை பற்றி மருத்துவரோடு மீண்டும் பேசுவது என்று அவரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறோம்.

வீட்டில் இப்போது ஒரே அடுப்பு, ஒரே சமையல். தாயின் தட்டிலும் அதே கரண்டிக் கணக்கு வந்துவிட்டது. ஆனால் தாய் மாத்திரை சாப்பிடுகிறவர். சோற்றைக் குறைத்துவிட்டு மாத்திரையை அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகக் கூடும் என்பதால் அவரை மருத்துவரிடம் தனியே அனுப்பினோம். மாலையில் போடும் மாத்திரையின் அளவு குறைந்திருக்கிறது. மனைவியின் ஹீமோகுளோபின் 11.6-க்கு ஏறியிருக்கிறது. இரும்பு மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து அவருடைய எச்பிஏ1சியை மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை அந்த 6.0-ஐ வைத்து அவருக்கு எந்தப் பெயரும் சூட்டுவதாக இல்லை.